கண்ணாடியில் தெரியும் பொங்கல்

தை பிறக்கும் முன்பே தபால்காரரின் பை பொங்கல் வாழ்த்து அட்டைகளால் புடைத்த காலம் உண்டு. கரும்பு, பானை, சூரியன், கூடவே சினிமா நட்சத்திரங்கள். கைப்பேசி வந்தது, பை மெலிந்தது.

இன்றும் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் கையாலேயே அட்டை செய்ய நினைத்தால், முதல் அச்சு சமையலறையிலேயே இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தொட்டு ஒற்றினால் பூ. அடுத்தது, பள்ளிக்கூட ரப்பர். அதில் ‘பொங்கல்’ என்று நேராகச் செதுக்கினால் தாளில் ‘ல்’தான் முதலில் வந்து நிற்கும், அதுவும் திரும்பிக்கொண்டு! கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். ‘பொ’வின் கொம்பும் காலும் இடம் மாறும்போது பழகிய கையே தடுமாறும்.

தாளுக்குப் புதுச்சேரி இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை தொடங்கியது 1959இல். மூலப்பொருள் மரமல்ல, பருத்தித் துணிக் கழிவு. சொரசொரப்பான கைத்தாளில் நீர்த்த மை கசியும். கெட்டி மைதான் கோடு பிசகாமல் நிற்கும்.

அட்டையில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கோபுரம் வேண்டுமா? ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே வெட்டி, இடையில் ஃபோம் டேப் வைத்து ஒட்டினால், விளக்கு வெளிச்சத்தில் நிலைக்கு நிலை நிழல் விழும். உறைக்குள் நுழையுமா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.