சாயமும் சிவப்பு ஒளியும்

ஈறு பற்றிய ஒரு தகவல்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிட்டால் பிரஷ் அங்கே எட்டாது. கிருமி குடியேறும், ரத்தம் கசியும், பல் ஆடும். பல் மருத்துவர் முதலில் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பார். அதோடு, சில மருத்துவர்கள் ஒளியையும் துணைக்கு அழைக்கிறார்கள். மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தைப் பள்ளத்தில் விட்டு, சற்றுப் பொறுத்து, மெல்லிய இழை வழியே சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். அலைநீளம் சுமார் 660 நானோமீட்டர். ஒளியை வாங்கிய சாயம் அக்கம்பக்கத்து ஆக்சிஜனை உசுப்பிவிடும். அந்த ஆக்சிஜன் கிருமியின் உறையைச் சிதைக்கும்.

1900 வாக்கில் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவில் மடிவதைக் கவனித்தார். அங்கே தொடங்கியது இந்த வழி. ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப் பழகுவதுபோல் கிருமிகள் இதற்கு எளிதில் பழகுவதில்லை. ஆனால் காரையை எடுக்காமல் வெறும் ஒளி போதாது. கூடுதல் பலன் எவ்வளவு என்பதில் ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே, ஈறில் ரத்தம் வந்தால், இனிப்புநீர் உள்ளவர்கள் குறிப்பாக, அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு போடுபவர்கள், வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.