முதலில் மண்ணைக் கழுவுங்க... மருந்தெல்லாம் அப்புறம்தான்! - சைக்கிள் சிராய்ப்புக்கு வீட்டு முதலுதவி

பள்ளி முடிந்த சாயங்கால நேரம். நெய்வேலி டவுன்ஷிப்பின் அகலமான, மரநிழல் விழும் சாலைகளில் பிள்ளைகள் சைக்கிளில் பறப்பார்கள். வளைவில் கொஞ்சம் மண் கிடந்தால் போதும், சறுக்கி விழுந்து முழங்கையும் முட்டியும் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். உடனே ஒருவர் மஞ்சள்தூள் எடுப்பார், இன்னொருவர் காபித்தூள் அப்பச் சொல்வார். ரத்தம் நின்றதும், 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடுவோம்.

உண்மையில், அந்த முதல் அரை மணி நேரத்தில் செய்வதுதான் காயம் சுத்தமாக ஆறுமா, தோலில் கறுப்பாகத் தங்குமா என்பதை முடிவு செய்கிறது.

தோலுக்குள் தங்கும் கரி

சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர் இது. சாலையோரப் புழுதியில் மணலோடு கரித்தூளும் சாம்பலும் கலந்திருப்பது சகஜம். பிரிட்டனில் அந்தக் காலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பில் நீல நிறத் தழும்புகள் இருக்கும். காயத்துக்குள் போன கரித்தூள் வெளியேறாமல், அதன் மேலேயே தோல் மூடியதால் வந்தவை அவை. பச்சை குத்துவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். தார்ச்சாலைத் தூசும் இப்படித் தங்கக்கூடும். பிறகு அதை எடுக்க லேசர் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

* முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் கசிந்தால், சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள்.

* குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் காயத்தைக் காட்டுங்கள். ஐந்து, பத்து நிமிடங்கள் கழுவினாலும் தப்பில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்பு போடலாம்.

* ஒட்டியிருக்கும் மண்ணை ஈரமான காஸ் துணியால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் சிறு கல்லை, ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுக்கலாம். சிராய்ப்பில் நரம்பு நுனிகள் வெளியே தெரிவதால் வெட்டுக்காயத்தைவிட அதிகமாக எரியும். பிள்ளை அழுகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள், மரத்துப்போக மருந்து கொடுத்து சுத்தம் செய்வார்.

* ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவற்றைக் காயத்தின் மேல் ஊற்ற வேண்டாம். புதிதாக வளரும் செல்களையும் அவை பாதிக்கும். காபித்தூள், டூத் பேஸ்ட், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். கழுவி எடுத்த இடத்தில் மறுபடியும் தூளைப் போடுவானேன்?

காய விடலாமா, மூடலாமா?

'காத்துப்பட விடு, பக்கு கட்டட்டும்' என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஆனால், ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றிகளின் தோலில் இதைச் சோதித்தார். காயவிட்ட காயத்தைவிட, ஈரப்பதம் போகாமல் மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. பக்கு கட்டினால், அதன் அடியில் வழி தேடித்தான் புதுத்தோல் வளர வேண்டும்.

எனவே, சுத்தமான காயத்தில் மெல்லியதாக பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அல்லது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பாரஃபின் காஸ் வையுங்கள். அதன் மேல் சாதாரண காஸ் வைத்துக் கட்டுங்கள். வெறும் பஞ்சு வேண்டாம், இழைகள் ஒட்டிக்கொள்ளும். தினமும் ஒருமுறை, நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே, கட்டை மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். மேலோட்டமான சிராய்ப்பு பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரங்களில் ஆறிவிடும்.

டி.டி. ஊசி அவசியமா?

விழும்போதெல்லாம் தேவையில்லை. தடுப்பூசிகளை முறையாகப் போட்டிருந்து, கடைசி ஊசி ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் பொதுவாகப் போதும். மண் புகுந்த காயமாக இருந்து ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தாலோ, எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றாலோ, டாக்டரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் ஓர் ஊசி உண்டு. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எப்போது மருத்துவமனை?

காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், ஆழமாக இருந்தால், முகத்திலோ மூட்டின் மேலோ பட்டிருந்தால், மண் போகவே இல்லை என்றால், அடிபட்டவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் தாமதிக்காதீர்கள். ஓரிரு நாள் கழித்து வலி கூடுவது, சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல் எல்லாம் தொற்றின் அறிகுறிகள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் சிராய்ப்பை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

காயம் ஆறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. அந்த இளஞ்சிவப்புத் தோலில் வெயில் பட்டால் கறுத்துவிடும். கடலூர் மாவட்ட வெயில் தெரிந்ததுதானே! சில மாதங்களுக்கு முழுக்கைச் சட்டையோ சன்ஸ்கிரீனோ கைகொடுக்கும். சைக்கிளை மட்டும் நிறுத்த வேண்டாம், ஹெல்மெட்டோடு ஓட்டட்டும்!