பைசா செலவில்லாத் தாராபுரம்: இதெல்லாம் தெரியுமா?

காங்கேயம் கன்றுக்குட்டி பிறக்கும்போது செக்கச்செவேலென்று இருக்கும், ஆறு மாதம் ஆனதும் அந்தச் சிவப்பு போய்ச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், தெரியுமா? நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து காங்கேயம் பக்கம் வண்டி ஏறுங்கள். பழையகோட்டை மாட்டுத்தாவணியில் ஞாயிறுதோறும் காங்கேயம் இன மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. செவலைக் கன்றும் அதன் மயிலைத் தாயும் ஒரே கயிற்றடியில் நிற்பதைப் பார்க்கலாம். வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை!

அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே ஒரு படிப்பு படித்த மாதிரி. வாங்க வந்தவர் முதலில் மாட்டின் வாயைத் திறப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்று கணக்கு. அடுத்து சுழி. முதுகில், நெற்றியில் முடி சுழிந்திருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தச் சுழி ஆகாதுங்க” என்று ஒரே வார்த்தையில் நகர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. (மாட்டுக்காரர் முகம் போகும் போக்கைப் பாருங்கள்!) பழைய வழக்கத்தை விடாத தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் பேசாது, விரல்தான் பேசும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட என்ன விலைக்கு முடிந்தது என்று தெரியாது.

சித்திரையில் வந்தால் இன்னும் பெரிய கூத்து இருக்கிறது. ஓலப்பாளையம் பக்கத்திலுள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் காளைகள் நிற்கிற நிற்பைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மாரியம்மன் என்றதும் இன்னொன்று: வியட்நாமின் சைகோன் நகரில், பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே நம்ம மாரியம்மன் கோயில் இருக்கிறது, தெரியுமா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே போன தமிழர்கள் எழுப்பியது. இன்று அங்கே வேண்டுதலோடு வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்தான்! அந்த ஊரில் காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. அதற்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும். கண்ணபுரத்துக்கு பஸ் போதும்.

பஸ் என்றால், பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிருக்கு டிக்கெட் கிடையாது. தாராபுரம் பஸ் நிலையத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்வந்தாலும் பர்ஸ் அப்படியே இருக்கும். ஆண்கள்? சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஒரு பெட்டிக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதை யாரோ ஒரு பக்தரின் கனவு முடிவு செய்கிறது, தெரியுமா? காங்கேயத்தைத் தாண்டி சிவன்மலை. மலை மேல் முருகன். சன்னதிக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி: ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்று சொன்னால் அவர் கோயிலில் வந்து சொல்ல வேண்டும். உடனே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். உத்தரவு கிடைத்தால்தான் பெட்டி திறக்கும். அடுத்த கனவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். அது பத்து நாளோ பல மாதமோ, கணக்கே கிடையாது. மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி என்று என்னென்னவோ உள்ளே இருந்திருக்கின்றன. பெட்டியில் வைத்த பொருள் நாட்டில் பேசுபொருளாகும் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் பொருள் மாறினால் அடுத்த நாள் பேப்பரில் செய்தி வந்துவிடுகிறது!

போகிற வழியில் ஜன்னலோரம் உட்காருங்கள். ரோட்டுக்கு இருபுறமும் முள்கிளுவை வேலி, உள்ளே குடை விரித்த வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல். அதுதான் கொரங்காடு. உழுது விதைக்கிற காடு இல்லை, மாடும் ஆடும் மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த நிலம். மழை பொய்த்த வருஷத்தில்கூட வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிறது. கம்பி வேலி வேண்டாம், கிளுவைக் கொம்பை நட்டால் அதுவே துளிர்த்து உயிர்வேலி. காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு வேலியோரம் நடந்து பாருங்கள். வழியில் தெளுவு (பதநீர்) விற்றால் விட்டுவிடாதீர்கள்.

தாராபுரத்தை ஒட்டி ஓடும் அமராவதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தெரியுமா? கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன. கிழக்கே திரும்பி ஓடுவது மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. அந்தப் பாம்பாறுதான் இங்கே அமராவதி! சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று சொன்ன ஆறு இதுவே. கரையில் அகத்தீஸ்வரர் கோயில், ஊருக்குள் காடு அனுமந்தராயர் கோயில். இரண்டிலும் சாமி கும்பிட டிக்கெட் இல்லை. இந்த ஊர் ஒரு காலத்தில் கலெக்டர் இருந்த ஊர் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். 1804க்கு முன் கோவைச் சீமையைப் பவானி, தாராபுரம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் கும்பெனியார் ஆண்டார்கள். 1800இல் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கானன் தாராபுரத்துக்கும் வந்து எழுதி வைத்திருக்கிறார்.

புக்கானனை விடுங்கள். ஓலப்பாளையத்தில் 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடா மானிடவியலாளர் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாக இரவிரவாகப் பாடக் கேட்டு டேப்பில் பதிவு செய்தார். பிற்பாடு அந்தக் கதை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவே வந்துவிட்டது! அண்ணன்மாரான அந்தப் பொன்னர் சங்கர் கதையை இன்றும் கோயில் நோன்பில் ஊர்க்காரர்களோடு தரையில் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு சால்வை மட்டும் எடுத்துப் போங்கள், விடிகாலை குளிர் தாங்காது. இப்போது ஊருக்கு ஊர் வள்ளிக் கும்மி அரங்கேற்றமும் நடக்கிறது. பாட்டி, மருமகள், பேத்தி மூவரும் ஒரே வட்டத்தில் ஆடுவதைப் பார்க்கக் கட்டணம் ஏது?

வெள்ளிக்கிழமை என்றால் மூலனூர் பக்கம் கன்னிவாடி ஆட்டுச் சந்தை, பொழுது விடியும்போதே போய்விட வேண்டும். தைப்பூசம் என்றால் தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம், வழியெல்லாம் சோறும் தண்ணீரும் கொடுப்பார்கள். பழனி கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம். ரேக்ளா பந்தயம் எங்காவது நடந்தால் 200 மீட்டர், 300 மீட்டர் என்று காளைகள் பறப்பதை ரோட்டோரமாக நின்றே பார்த்துவிடலாம். ஓரமாக என்பதை மட்டும் மறக்க வேண்டாம்!

காற்று பார்க்கப் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் சிரிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து தாராபுரம், உடுமலைப் பக்கத்து வெட்டவெளியில்தான் வந்து அடிக்கிறது. அதனால்தான் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள். மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும், நமக்கு மிச்சம் காற்றுதான். ஆடியில் ஒரு காற்றாலைக்குச் சற்றுத் தள்ளி நின்று இறக்கை சுற்றும் ‘ஊங் ஊங்’ சத்தத்தைக் கேளுங்கள். வெயிலுக்கு ஆகுமே என்று குடை கொண்டு போனால், அது அரை நிமிஷத்தில் பக்கத்துக் கொரங்காட்டு முள்கிளுவையில்தான் தொங்கும்.