துடிப்புத் தவறும் எஞ்சின்

நல்ல நிலையில் உள்ள கார் எஞ்சினின் ஒலி ஒரே சீராக இருக்கும். சில வேளைகளில் அவ்வொலி இடறும். சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும். மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். பெட்ரோல் வழக்கத்தைவிட விரைவில் தீரும். இந்நிலையைப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பர். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுவது பிளக் வயரில் ஏற்படும் பழுதாகும்.

வயர் சிறிய பொருள்தான். ஆயினும் அதனை ஆராயாமல் வேறு பாகங்களை மாற்றினால் பணம் வீணாகும். பழுதும் அப்படியே இருக்கும். டாக்சி ஓட்டி அன்றாடம் பொருளீட்டும் ஒருவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பாகும். எனவே, பழுதை ஊகிக்காமல் முறையாக ஆராய்ந்து கண்டறிதல் வேண்டும்.

தீப்பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு செயல்கள் வரிசையாக நிகழ்கின்றன. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளிழுக்கப்படுகிறது, அமுக்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது, எரிந்த புகை வெளியேற்றப்படுகிறது. கலவையை எரிக்கும் தீப்பொறியை ஸ்பார்க் பிளக் தருகிறது. பிளக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. மின்சாரம் அதனைத் தாண்டும்போது பொறி எழுகிறது.

காரின் பேட்டரி தரும் 12 வோல்ட் மின்னழுத்தம் இவ்விடைவெளியைத் தாண்டப் போதாது. இக்னிஷன் காயில் என்னும் கம்பிச்சுருள் அதனை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கருவி, அவ்வுயர் மின்னழுத்தத்தை உரிய நேரத்தில் உரிய சிலிண்டருக்குப் பிரித்து அனுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக்கையும் இணைப்பதே பிளக் வயர்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்திற்கு 1,500 பொறிகளை, அதாவது நொடிக்கு 25 பொறிகளை எழுப்ப வேண்டும். 1983ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி 800 காரின் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் இருந்தன. அத்தகைய எஞ்சினில் ஒரு வயர் பழுதானால், மூன்றில் ஒரு பங்கு உழைப்பு நின்றுவிடும்.

வயர் பழுதாவது ஏன்?

பிளக் வயரின் வெளியுறை ரப்பரால் அல்லது சிலிக்கோனால் ஆனது. பல கார்களில் அதன் உட்பகுதி கரி ஏற்றிய இழையால் ஆனது. வெறும் உலோகக் கம்பியாக இருந்தால் ஒவ்வொரு பொறியும் வானொலியில் இரைச்சலை உண்டாக்கும். கரியிழை அதனைக் குறைக்கிறது.

எஞ்சினின் வெப்பமும் எண்ணெய்க் கசிவும் நாளடைவில் உறையில் வெடிப்புகளை உண்டாக்கும். அவ்வெடிப்பின் வழியே மின்சாரம் பிளக்கைச் சேராமல், அருகிலுள்ள உலோகப் பரப்பிற்குத் தாவிவிடும். ஈரம் அதற்கு மேலும் வழி அமைத்துக் கொடுக்கும். மழைக்காலக் காலையில் இடறும் எஞ்சின், சூடேறி ஈரம் உலர்ந்தபின் சீராவதற்குக் காரணம் இதுவே. பிளக்கைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிழை அறுந்துவிடும். முனையிலுள்ள உறையைப் பிடித்தே கழற்ற வேண்டும்.

கண்டறியும் முறை

மும்பையில் அடைமழைக் காலத்தில், நான்கு சிலிண்டர் கொண்ட பழைய டாக்சி ஒன்று இடறுகிறது எனக் கொள்க. தேர்ந்த மெக்கானிக் அதனைப் பின்வருமாறு ஆராய்வார்.

1. பார்த்தல்: வயர்களில் வெடிப்பு, எண்ணெய்ப்படிவு, முனைகளில் களிம்பு ஆகியவை உள்ளனவா எனப் பார்ப்பார். எஞ்சினை இருட்டில் ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியலாம்; ‘டிக் டிக்’ என்னும் ஒலியும் கேட்கலாம்.

2. சிலிண்டரைக் கண்டறிதல்: மின்காப்புள்ள குறடால் ஒவ்வொரு வயராகக் கழற்றி, அதன் முனையைப் பாதுகாப்பாக எஞ்சின் உலோகத்தோடு இணைப்பார். முதல், மூன்றாம், நான்காம் வயர்களைக் கழற்றும்போது எஞ்சினின் வேகம் குறைகிறது. இரண்டாம் வயரைக் கழற்றும்போது எம்மாற்றமும் இல்லை. எனவே, முன்பே உழைக்காமல் இருந்தது இரண்டாம் சிலிண்டர்.

3. பிளக்கை இடம் மாற்றுதல்: எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் பிளக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றுவார். குறை மூன்றாம் சிலிண்டருக்குச் சென்றால் பிளக்கே பழுது. குறை இரண்டாவதிலேயே நின்றால் பிளக்கின்மீது குற்றமில்லை.

4. வயரை மாற்றிப் பார்த்தல்: இரண்டாம் சிலிண்டருக்கு நல்ல வயர் ஒன்றை இணைப்பார். எஞ்சின் சீரானால் பழைய வயரே காரணம் என்பது உறுதியாகும். மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளந்தும் பார்க்கலாம். இழை முற்றிலும் அறுந்திருந்தால் மின்சாரம் பாயாது.

நல்ல வயராலும் பயன் இல்லையெனில், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கீறல் உண்டா, பெட்ரோல் சரியாக வருகிறதா, சிலிண்டரின் அமுக்கம் போதுமா என அடுத்தடுத்து ஆராய்வார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே இம்முறையின் உயிர்நாடி. பிளக்கையும் வயரையும் ஒருசேர மாற்றினால் எஞ்சின் சீராகலாம். ஆனால், எது பழுது என்பது தெரியாமலே போகும். புதிய வயர்களைப் பொருத்தும்போதும் ஒவ்வொன்றாகவே பொருத்த வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் பொறி எழும் வரிசை 1, 3, 4, 2 என்பதாகும். வயர்கள் இடம் மாறினால் அவ்வரிசை குலையும். எஞ்சின் வெடியோசை எழுப்பும் அல்லது இயங்காமலே போகும்.

காலந்தாழ்த்தினால் என்னாகும்?

எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் செல்லும். 1995ஆம் ஆண்டு முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. எரியாத பெட்ரோல் அதனுள் எரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பாழாகும். சிறிய வயரைக் கவனியாதவர், விலைமிக்க பாகத்தை இழக்க நேரிடும். காற்றும் மாசடையும்.

இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின்மீதும் தனித்தனிக் காயில் அமர்ந்துள்ளது. நீண்ட வயர்கள் இல்லை. எந்தச் சிலிண்டர் இடறுகிறது என்பதைக் கணினியே காட்டிவிடும். ஆனால், பிளக்கா, காயிலா, வேறொன்றா என்பதை அதே இடமாற்றுச் சோதனையால்தான் மெக்கானிக் இன்றும் உறுதிசெய்கிறார்.

எச்சரிக்கை: ஓடும் எஞ்சினின் பிளக் வயரைத் தொடுதல் பேராபத்து. இச்சோதனைகளைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

சொற்பொருள்

இடறுதல் – தடுமாறுதல்
களிம்பு – உலோகத்தின்மீது படியும் பச்சைநிறப் படிவு
குறடு – பற்றிப் பிடிக்கும் கருவி
மின்காப்பு – மின்சாரம் பாயாமல் தடுக்கும் உறை
மின்தடை – மின்சாரத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை

பயிற்சி

1. மழைக்காலக் காலையில் இடறும் எஞ்சின் சற்று நேரத்தில் சீராவது ஏன்?
2. பிளக்கையும் வயரையும் ஒருசேர மாற்றுவதால் விளையும் குறை யாது?
3. எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால், ஒரு பிளக் நிமிடத்திற்கு எத்தனை பொறிகளை எழுப்பும்?
4. பிரித்து எழுதுக: அவ்வொலி, இவ்விடைவெளி, எம்மாற்றம்.
5. உங்கள் பகுதியிலுள்ள பட்டறைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, ‘மிஸ்ஸிங்’ எவ்வாறு கண்டறியப்படுகிறது எனக் கேட்டறிக. அவர் தம் மொழியில் கூறியதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக.