வேண்டியவருக்கு ஒரு நிறை, மற்றவருக்கு ஒரு நிறையா?



லயத்தில் நடக்கிற பல சண்டைகளைக் கிளறிப் பார்த்தால், அடியில் ஒரே கேள்விதான் கிடக்கும். "அவளுக்கு மட்டும் ஏன்?" அவளுக்கு மட்டும் ஏன் எப்போதும் கொழுந்து நிறைந்த மலை? அவருக்கு மட்டும் ஏன் இலேசான வேலை? அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஏன் புது வீடு? இதை நாம் ஓரவஞ்சனை என்கிறோம். கடிதத்தில் எழுதும்போது பக்கச்சார்பு என்று எழுதுவார்கள். செய்கிறவருக்கு அது பாசமாகத் தெரியும். ஆனால் அந்தப் பாசத்துக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ ஒருவர். இதைத்தான் இம்முறை கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

கொழுந்து மடுவத்தை எடுத்துக்கொள்ளுவோம். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பது பழைய வழக்கம். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் ஆளுக்கு 2 கிலோ கூடுதலாகக் கழித்தார்கள் என்று வையுங்கள். மொத்தம் 80 கிலோ. லொறியில் ஏறுகிற கொழுந்து குறையாது. பறித்தவள் பேரில்தான் குறையும். கழித்த கிலோவில் கொஞ்சம் வேண்டியவர் பேரில் விழுந்தால், அவருக்கு மேலதிகக் கிலோக் காசு. பறித்தவளுக்கு அரைப் பேர்.

அரைப் பேர் என்றால் அரைச் சம்பளம் போவது மட்டுமில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், அரைப் பேருக்கு 500 ரூபா போகும். அதோடு தோட்டம் போடவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 60 ரூபா போகும். ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 15 ரூபா போகும். சேமலாபக் காசுதான் பென்சனுக்குப் போகிற அன்றைக்குக் கையில் வருவது. அன்றைக்குக் குறையும்போது, எந்த அந்தியில் எந்த மடுவத்தில் போனது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கிலோக் கணக்கைக் கூட்டிய தோட்டங்களில் ஒரு கிலோவுக்கு இருக்கிற மதிப்பு முன்னையைவிட இப்போது அதிகம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து நம் முன்னோரைக் கூட்டி வந்தவர் கங்காணி. பெரும்பாலும் தன் ஊர்க்காரரையும் சொந்தக்காரரையும்தான் கூட்டி வந்தார். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆட்களுக்குக் கடன் கொடுத்தவரும் அவரே. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பேர். துண்டு இருந்தால்தான் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆக, சொந்தக்காரர், கடன் கொடுத்தவர், வேலை வாங்குகிறவர் மூவரும் ஒரே ஆள். அவரிடம் போய் நியாயம் கேட்பது எப்படி? அவர் தயவு இருந்தால் பிழைக்கலாம், இல்லையென்றால் இல்லை. துண்டு போய்விட்டது. தயவு பார்க்கிற பழக்கம் போகவில்லை.

ஓரவஞ்சனை எப்போதும் களவாகத்தான் நடக்கும் என்றும் இல்லை. ஒரே மலையில் நின்ற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்று புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1984இல்தான் அது சமமானது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். ஓரவஞ்சனையால் நட்டப்பட்டவருக்கு என்ன செய்வது என்று ஓரளவு தெரியும். லாபம் வருகிறவர் என்ன செய்வது? தராசில் நிற்கிறவர் உங்கள் சொந்த மாமா. நீங்கள் 16 கிலோ பறித்தால் 19 என்று எழுதுகிறார். நீங்கள் கேட்கவில்லை. பக்கத்து நிரையில் நிற்கிற அக்காவுக்கு 18 பறித்தும் 16 விழுகிறது. வாயைத் திறந்தால் மாமாவின் வேலை போகலாம், அவர் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திறக்காவிட்டால் அந்த அக்காவின் முகத்தைத் தினமும் மலையில் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு நிலையில் இருக்கிற பெண்கள் என்னிடம் வந்து, "ஐயா, நான் என்ன செய்றது?" என்று கேட்டிருக்கிறார்கள். மடுவத்தில் வைத்துக் கத்தச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முதலில் மாமாவின் வீட்டுக்குப் போங்கள். "மாமா, நான் பறிக்காத கிலோவை என் பேரில் எழுதாதீங்க" என்று சொல்லுங்கள். உதவி செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிறவர் பலர், வேண்டாம் என்று சொன்ன பிறகு அதைச் செய்வதற்குக் கூச்சப்படுவார். அப்படியும் நிறுத்தாவிட்டால், அந்த அக்கா முறைப்பாடு செய்கிற நாளில் நீங்கள் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். அது குடும்பத்துக்குத் துரோகம் என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று கிலோ இலவசம் இல்லை. சங்கத்துக்கு ஆள் சேர்க்கும்போது, கல்யாணப் பேச்சு வரும்போது, "உனக்கு எவ்வளவு செய்தேன்" என்று ஒரு நாள் கணக்குக் கேட்பார்கள்.

எல்லாச் சலுகையும் ஓரவஞ்சனை ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் செங்குத்தான மலையைக் கொடுக்காமல் விடுவதும், பால் குடிக்கிற பிள்ளை இருப்பவளைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டே வேலைக்குப் போடுவதும் நியாயம். பிரித்தறிய நான் பார்க்கிற வழி ஒன்றுதான். காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் அந்தக் காரணத்தைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? "இவள் ஏழு மாதம், அதனால்தான்" என்று சொல்லலாம். "இவள் என் அண்ணன் மகள், அதனால்தான்" என்று எந்தக் கங்காணியும் சொல்லமாட்டார்.

வீட்டு லிஸ்ட்டும் இதே கதைதான். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? இந்த விஷயத்தில் எங்களைப்போன்ற நலன்புரி உத்தியோகத்தர்களையும் நீங்கள் விட்டுவைக்கக் கூடாது. பேர் எழுதுகிற பேனா எங்கள் கையில். அந்தப் பக்கம் ஒரு தலைவர், இந்தப் பக்கம் ஒரு தலைவர், இருவரும் ஆளுக்கு நாலு பேரைச் சொல்லி அனுப்புவார்கள். லயம் எரிந்த குடும்பம், மண்சரிவு அபாயத்தில் இருக்கிற குடும்பம் முதலில் என்றால், அந்த விதியையும் பேர்களையும் கோவிலிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்கத் திட்டமென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம்.

இது தோட்டத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. நுகேகொடைப் பக்கம் கடை வேலைக்குப் போயிருக்கிற நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது சொல்லுவார்கள். முதலாளியின் ஊர்ப் பையனுக்கு லீவு, இவனுக்கு இல்லை. அவனுக்குச் சேமலாப நிதி, இவனுக்கு இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு ஒன்றரை நாள் லீவு எல்லாருக்கும் உண்டு. ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் சேமலாப நிதி போட்டாக வேண்டும். இவை முதலாளியின் தயவு இல்லை.

ஓரவஞ்சனை என்று பேர் சொல்லி வழக்குப் போடுவது கஷ்டம். ஆனால் அது சம்பளத்தில் விழுந்தால், சேமலாப நிதியில் விழுந்தால், தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். தலைவரிடம் சொல்லுங்கள். அவரே வேண்டியவர் பக்கம் என்றால் சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியிடமும், துரையிடமும் எழுத்தில் கொடுங்கள். சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குற்றம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது கணக்கு. அதனால் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துத் திகதி, மலை, மூன்று நேர நிறை, கழித்த கிலோ எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். டிஜிட்டல் தராசு இருந்தால் எண்ணை நீங்களே பார்த்து எழுதலாம். எழுத வராதவர்கள் இரவில் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். மாத முடிவில் சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு ஒத்துவராத நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வாருங்கள்.