வளைவில் சாயும் பெட்டி

மேசைமேல் ஓடும் மாதிரி ரயிலில் பத்துப் பெட்டி கோத்து ஓட்டுவது எல்லாருக்கும் கைவரும். ஐம்பது பெட்டி கோத்துப் பாருங்கள். நேர்ப்பாதையில் அழகாகப் போகும். வளைவுக்குள் நுழைந்ததும், இன்ஜினை அடுத்த பெட்டிகளில் எது எடை குறைந்ததோ அது வெளிப்பக்கச் சக்கரத்தை நூலளவு தூக்கும். அடுத்த கணம் வளைவின் உட்பக்கம் கவிழ்ந்து, முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு விழும்.

வேகம்தான் காரணம் என்றால் பெட்டி வெளிப்பக்கம் அல்லவா விழ வேண்டும்? காரணம் தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும். மாடவீதி முனையில் தேர் திரும்பும்போது இறுகிய வடம் வீதியோடு வளைந்து வராது. மூலையைக் குறுக்கே வெட்டி உள்ளே பாயும். வளைவில் நிற்கும் நீண்ட ரயிலும் ஒரு வடம்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் பரவலாகப் புழங்கும் எச்.ஓ. மாதிரி ரயில், அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் பரிந்துரைக்கும் எடைப்படி, 15 செ.மீ. நீளச் சரக்குப் பெட்டி சுமார் 113 கிராம் இருக்க வேண்டும். ஐம்பது பெட்டி சேர்ந்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல். நூற்றுக்கு இரண்டு என்ற சிறிய ஏற்றத்தில்கூட, உருளும் தடையையும் சேர்த்தால், முதல் கொக்கியில் 200 கிராம் அளவுக்கு இழுவிசை விழும். 46 செ.மீ. ஆரமுள்ள வளைவில் அந்த விசை முதல் பெட்டியைச் சுமார் 70 கிராம் அளவுக்கு உட்பக்கம் இழுக்கிறது. 113 கிராம் பெட்டி அதைத் தாங்கி நிற்கும். 60 கிராம் பெட்டி சாய்ந்துவிடும்.

உண்மையான ரயில்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லாததற்கு வளைவுதான் காரணம். இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 175 மீட்டர். அதை முறைப்படி 87 மடங்கு சுருக்கினால் இரண்டு மீட்டர் வரும். ஒரு வட்டம் போடவே நாலு மீட்டர் அகல அறை வேண்டும். வீட்டில் ஏது அவ்வளவு இடம்? ரயிலை 87 மடங்கு சுருக்கிவிட்டு, வளைவை ஏறக்குறைய 380 மடங்கு சுருக்கிவிடுகிறோம். வளைவின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால் உட்பக்க இழுப்பு பாதியாகும். கிடைக்கும் இடத்தையெல்லாம் வளைவுக்கே கொடுக்க வேண்டும் என்பேன். மலையும் குகையும் ஊரும் அப்புறம்.

மற்ற வைத்தியங்கள் எளியவை: கனத்த பெட்டிகளை முன்னால் கோப்பது, உலோகச் சக்கரம் போடுவது, அழுக்கைத் துடைப்பது.

பெரிய வைத்தியம் நிஜ ரயில்வே கற்றுத் தந்தது. 2001 ஜூன் 21-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பி.எச்.பி. நிறுவனம் 682 வேகன்களுடன் ஓட்டிய இரும்புத்தாது ரயிலின் நீளம் 7.353 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் அது சுமார் 84 மீட்டர். அதன் எட்டு இன்ஜின்களையும் முன்னால் கட்டவில்லை. ரயிலின் நெடுகப் பிரித்து வைத்தார்கள். ஓட்டுநர் ஒருவர்தான், மற்ற இன்ஜின்கள் ரேடியோ வழியே அவர் சொல்படி நடந்தன. இழுவிசை பிரிந்ததால் எந்தக் கொக்கியும் முழுச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கவில்லை.

மேசை ரயிலிலும் இதைச் செய்யலாம். தண்டவாளத்து மின்சாரத்தோடு கட்டளையும் அனுப்பும் டிஜிட்டல் முறையில் இரண்டு இன்ஜின்களை ஒரே கைப்பிடியில் சேர்த்து, ஒன்றை நடுவில் கோக்கலாம். இரண்டின் வேகமும் முதலில் ஒத்துப்போக வேண்டும். நடு இன்ஜின் முந்தினால் முன்பெட்டிகள் நெருக்குண்டு வளைவின் வெளிப்பக்கம் பிதுங்கும். பிந்தினால் பழையபடி உட்பக்கம் சாயும். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, நடு இன்ஜினுக்கு முன்னுள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரிடத்தில் கொக்கி இறுகாமலும் முட்டாமலும் லேசாக ஆடும். முன் இன்ஜினின் இழுப்பு அங்கே முடிகிறது. நடு இன்ஜினின் தள்ளல் அங்கிருந்து தொடங்குகிறது. அந்தக் கொக்கி நடு இன்ஜினுக்குச் சில பெட்டிகள் முன்னாலேயே நின்றுவிட்டால், ஐம்பது பெட்டியும் வளைவைச் சுற்றி வந்து சேரும்.