ஜன்னலில் பிடித்த சிலந்தி

எங்க வீட்டு ஜன்னல் கம்பியில் திரிந்த தாவும் சிலந்தி ஒன்றை டப்பாவில் வளர்க்கிறேன். "எட்டுக்கால் பூச்சியையா? ஒட்டடை அடிக்கச் சொன்னா இது என்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒட்டடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பிளெக்சிப்பஸ் பேகுல்லி என்ற இந்த இனம் இரைக்காக வலை பின்னாது. பதுங்கிப் போய்ப் பாய்ந்து பிடிக்கும். டப்பாவுக்கு வெளியே விரலை நகர்த்தினால் முன்னால் இருக்கும் பெரிய கண்களைத் திருப்பி நம்மையே பார்க்கும். அதுதான் என்னை மாட்டிவிட்டது.

முதலில் பிடித்தது செத்துப்போச்சு. தப்பு என்னுடையது. ஈ, கொசு எல்லாம் போட்டேன், தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. இரையிலேயே ஈரம் இருக்குமே என்று நினைப்பு. வயிறு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் கால்களெல்லாம் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது.

ஏன் மடங்கியது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிலந்திக் காலில் மடக்கத் தசை உண்டு. முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் காலை நீட்டுகிறது. நீர் வற்றினால் அழுத்தம் போச்சு, கால் தானாக மடங்கிவிடும். செத்த சிலந்தி எப்போதும் சுருண்டு கிடப்பதும் இதனால்தான்.

இரண்டாவதுக்கு தினமும் டப்பாச் சுவரில் சில துளி தண்ணீர் தெளித்தேன். துளியில் வாயை வைத்துக் குடிக்கும், பார்க்கவே நல்லா இருக்கும். தூங்கும் பட்டுக்கூட்டை மேல்மூலையில் கட்டுவதால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கிழிந்தது. டப்பாவைக் கவிழ்த்து, மூடி அடியில் வருகிற மாதிரி வைத்ததும் சரியாச்சு. கொசு மருந்து அடித்த அறையில் பிடித்த பூச்சியை மட்டும் போடாதீர்கள்.

நாலு மாதம் முன்பு அது கூட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டது. சாப்பிட வரவில்லை. இதுவும் போகப்போகுது என்று பயந்து, ஊசியால் கிழித்துப் பார்க்கப் போனேன். நல்லவேளை, செய்யவில்லை. சட்டை உரிக்கும்போதும் இப்படித்தான் மூடிக்கொள்ளும். அந்த நேரம் உடம்பு மெத்தென்று இருக்கும், தொட்டால் முடிந்தது.

ஆனால் இது சட்டை உரிக்கவில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து டப்பா முழுக்கக் கடுகு மாதிரி குஞ்சுகள்! ஆண் துணையே இல்லையே என்று குழம்பினேன். வெளியில் பிடிக்கும் பெண் சிலந்தி முன்பே இணை சேர்ந்திருக்கலாம். விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்திருக்கும்.

குஞ்சுகளைக் கொல்லைச் செம்பருத்தியில் விட்டேன். தாய் இன்னும் என்னிடம்தான். இன்று காலை இரண்டு துளி குடித்தது.